ஹேமார்க்கெட் கடிகாரத் தூணும் ஒரு கால்பந்து அணியும்: கேட்டவருக்கு என் பதில்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படிக்கப் போயிருக்கும் ஒருவர் இங்கே கேட்டிருக்கும் கேள்வி இது. ஹேமார்க்கெட் ரயில் நிலையத்துக்கு அருகே, சாலைகள் கூடும் இடத்தில் ஒரு கடிகாரத் தூண் நிற்கிறது. அதில் ஒரு கால்பந்துக் கழகத்தின் பெயர் பொறித்திருக்கிறது. அந்த அணி மொத்தமும் முதல் உலகப்போரில் மாண்டுபோனதாக உடன் படிப்பவர் சொல்லியிருக்கிறார். உண்மையா, பந்து ஆடிப் பிழைத்தவர்கள் எதற்காகப் போருக்குப் போனார்கள் என்று கேட்கிறார். அடியில் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அவர்கள் மனமுவந்து போனார்களா, ஊர் வாய்க்கு அஞ்சிப் போனார்களா? ஐரோப்பிய வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். மாணவர்கள் மறுபடி மறுபடி கேட்ட கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். அணி மொத்தமும் மாளவில்லை. அந்தக் கழகம் ஹார்ட் ஆஃப் மிட்லோதியன், ஊர்வழக்கில் ஹார்ட்ஸ். அதன் ஆட்டக்காரர்களில் 16 பேர் போர்ச் சேவைக்குப் போனார்கள். ஏழு பேர் திரும்பவில்லை. 11, 13, 16 என்று வெவ்வேறு எண்களைப் படித்திருப்பீர்கள். அவை ஒன்றையொன்று மறுப்பவை இல்லை. 11 என்பது 1914 நவம்பர் 25 அன்று ஒரே நாளில் கையெழுத்திட்டவர்கள். அடுத்த நாள்களில் வந்தவர்களைச் சேர்த்தால் 13. அதற்கு முன்பே படைக்குப் போனவர்களையும் கூட்டினால் 16. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எந்த நாளின் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

அந்த நாளைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய மூன்று மாதங்களைப் பார்க்க வேண்டும். ஹார்ட்ஸின் மைதானமான டைன்காசில், எடின்பரோவின் மேற்கே கோர்கி என்ற உழைப்பாளர் வட்டாரத்தில் இருக்கிறது. மதுவடி ஆலைகள், பிஸ்கட் தொழிற்சாலை, ரயில் பாதைகள், அடுக்கடுக்காகக் கல் குடியிருப்புகள் எனச் சனிக்கிழமை மதியம் வேலை விட்டதும் ஆண்கள் எல்லாம் மைதானத்துக்கு நடந்தே போகிற ஊர் அது. பக்கத்து ஃபவுண்டன்பிரிட்ஜில் இருந்த ரப்பர் தொழிற்சாலைதான் பிறகு அகழிகளில் நின்ற வீரர்களுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது. 1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. அதே மாதம் 15ஆம் தேதி லீக் தொடங்கியபோது ஹார்ட்ஸ் முதல் ஆட்டத்திலேயே, நடப்பு வெற்றியாளரான செல்டிக்கை 2-0 என்று வென்றது. தொடர்ந்து எட்டு ஆட்டங்களும் வெற்றி. மேலாளர் ஜான் மெக்கார்ட்னி உருவாக்கிய இளம் அணி அது. ஹாரி வாட்டி என்ற உள்ளூர்ப் பையன், கில்வின்னிங்கிலிருந்து வந்த டங்கன் கரி, லிவர்பூலிலிருந்து வாங்கிய டாம் கிரேசி, ஓட்டத்துக்குப் பேர்போன பாடி கிராஸன். இவர்கள் கோப்பையைத் தூக்கப் போகிறார்கள் என்று கோர்கி முழுக்க நம்பியது.

அந்த வெற்றியே அவர்களைக் கண்ணுக்குத் தெரிய வைத்துவிட்டது. ஊர்ப் பையன்கள் பெல்ஜியத்தில் செத்துக்கொண்டிருக்கும்போது வாட்டசாட்டமான இளைஞர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தை உதைக்கிறார்கள், ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டுகிறார்கள் என்ற பேச்சு செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டது. ரக்பி, ஹாக்கி போன்ற ஆட்டங்களில் போட்டிகள் உடனே நின்றன. அவற்றை ஆடியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஆட்டம் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. தொழில்முறைக் கால்பந்துக்கு ஒப்பந்தம் இருந்தது, கூலி இருந்தது, அதனால் அது நிற்கவில்லை. நவம்பர் நடுவில் எடின்பரோ மாலைப் பத்திரிகை ஒன்றில், படைவீரர் ஒருவரின் மகள் என்று கையெழுத்திட்ட கடிதம் வந்தது. ஹார்ட்ஸ் இனிமேல் ‘மிட்லோதியனின் வெள்ளை இறகுகள்’ என்று பெயர் மாற்றிக்கொள்ளட்டும் என்றது அது. வெள்ளை இறகு அந்நாளில் கோழைத்தனத்தின் அடையாளம். படைக்குப் போகாத ஆண்களின் கையில் நடுத்தெருவில் பெண்கள் அதைத் திணித்தார்கள். லீக் பட்டியலின் உச்சியில் இருக்கும் அணியைப் பார்த்து இந்தச் சொல் வந்தால் எப்படி உறைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே வாரங்களில் சர் ஜார்ஜ் மெக்ரே முன்னால் வந்தார். வறுமையில் பிறந்து, துணி வியாபாரத்தில் மேலேறி, நகராட்சிக் கணக்கைப் பார்த்து, கிழக்கு எடின்பரோவின் நாடாளுமன்ற உறுப்பினராகப் பத்தாண்டு இருந்தவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தன் பெயரில் ஒரு பட்டாலியன், அதாவது சுமார் ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு, திரட்டப் போவதாகவும், அதைத் தானே போர்முனைக்கு நடத்திப் போவதாகவும் அறிவித்தார். அஷர் ஹாலில் நடந்த பெருங்கூட்டத்தில் அவர் பேச்சின் சாரம் இதுதான்: உங்களோடு சேர்ந்து ஆபத்தில் நிற்காமல் உங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏவிவிட்டு வீட்டில் உட்காரும் பெரிய மனிதர்களையே பார்த்துப் பழகிய தொழிலாளிகளுக்கு இந்த ஒரு வாக்கியம் என்ன செய்திருக்கும் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஹார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் அவரிடம் சேர்ந்ததும் வட்டாரமே பின்னால் வந்தது. கழகத்தின் ஆதரவாளர்கள் சுமார் 500 பேர். ஜென்மப் பகையாளிகளான ஹிபர்னியன் கழகத்தின் ஆதரவாளர்கள் சுமார் 150 பேர். ரெய்த் ரோவர்ஸ், ஃபால்கர்க், டன்ஃபெர்ம்லின் ஆட்டக்காரர்கள். சின்னச் சின்ன ஊர்க் கழகங்களின் பையன்கள். முறையான பெயர் ராயல் ஸ்காட்ஸ் என்ற படையணியின் 16ஆம் பட்டாலியன். ஊர் அதை மெக்ரேயின் பட்டாலியன் என்றே அழைத்தது. லண்டனில் ‘கால்பந்தாட்டக்காரர் பட்டாலியன்’ தொடங்கியது டிசம்பர் 15. ஆகவே இதில் எடின்பரோ முந்திவிட்டது என்பதும் உறுதியான செய்திதான்.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதி. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது 1916 ஜனவரியில். எனவே 1914இல் கையெழுத்திட்ட எல்லோரும் சட்டப்படி தன்னார்வலர்கள். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதாலேயே யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆகிவிடாது. பத்திரிகை ஏசியது. அரசியல்வாதிகள் ஏசினார்கள். கழகத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது: சில ஆட்டக்காரர்கள் சீருடை போட்டால்தான் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்லும் கூச்சல் அடங்கும். அது நடக்கவும் நடந்தது. ஸ்காட்டிஷ் கோப்பைப் போட்டிகளை நிறுத்தினார்கள், ஆனால் லீக் போர் முடியும்வரை ஓடியது. இன்னொரு பக்கம், வாட்டிக்கும் கரிக்கும் ஒன்றாகப் பயிற்சி எடுத்த தோழர்கள் கையெழுத்திடுகிறார்கள், தான் மட்டும் விலகி நிற்பது எப்படி என்ற உணர்வும் இருந்திருக்கும். இருபது வயதுப் பையனுக்கு வெட்கமும் நட்பும் நாட்டுப்பற்றும் தனித்தனி டப்பாக்களில் இருப்பதில்லை. ஒரு மனிதன் உள்ளே எதற்காகப் பேனாவை எடுத்தான் என்பதை எந்த ஆவணமும் நமக்குச் சொல்லாது, நானும் சொல்ல முற்பட மாட்டேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். அவர்களை வெறும் பலியாடுகள் என்று எழுதுகிறவர்களும், தேசபக்தித் தீ மட்டுமே என்று எழுதுகிறவர்களும் அந்தப் பையன்களின் சொந்த அறிவை மதிக்கவில்லை. வாரச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனுக்குச் சிப்பாயின் தினக் கூலி ஒரு ஷில்லிங் என்று தெரியும். காலில் ஒரு குண்டு பட்டால் தொழில் முடிந்தது என்றும் தெரியும்.

அந்தப் பருவத்தில் ஹார்ட்ஸ் லீக் பட்டத்தைத் தவறவிட்டது. செல்டிக்குக்கு 65 புள்ளி, ஹார்ட்ஸுக்கு 61. பருவத்தின் பெரும்பகுதி முன்னணியில் இருந்த அணி கடைசி வாரங்களில் சறுக்கியது. படைப்பயிற்சியால்தான் தோற்றார்கள் என்று எடின்பரோவில் சத்தியம் செய்வார்கள். இரவெல்லாம் அணிவகுத்து நடந்துவிட்டு மறுநாள் ஆட்டத்துக்கு வந்தது உண்மை. தடுப்பூசியின் காய்ச்சலோடு ஆடியதும் உண்மை. செல்டிக் அந்தக் காலத்தின் மிக வலுவான அணி என்பதும் உண்மை. படைப்பயிற்சி இல்லாவிட்டால் வென்றிருப்பார்களா என்பது ‘இருந்திருந்தால்’ கணக்கு. என் சாய்வு ஹார்ட்ஸ் பக்கம்தான், ஆனால் அதை வரலாறு என்று சொல்லிக்கொடுக்க மாட்டேன். அந்தப் பருவத்தில் கோல்களைக் குவித்த டாம் கிரேசிக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தது. 1915 அக்டோபர் 23 அன்று கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 25 அன்று, மெக்ரே வருவதற்கு முன்பே கேமரன் ஹைலாண்டர்ஸ் என்ற படையணியில் சேர்ந்திருந்த ஹார்ட்ஸ் ஆட்டக்காரர் ஜிம்மி ஸ்பீடி, பிரான்சில் நடந்த லூஸ் போரில் விழுந்துவிட்டார். பட்டாலியன் பிரான்சுக்குக் கப்பலேறும் முன்பே இரண்டு பேர் போயாயிற்று.

1916 ஜனவரியில் பிரான்ஸ். ஜூலை 1, சோம் ஆற்றுப் பகுதியில் பெருந்தாக்குதல் தொடங்கிய நாள். மெக்ரேயின் பட்டாலியன் இருந்த 34ஆம் டிவிஷன் தாக்கிய இடம் லா புவாசெல் என்ற சிற்றூரின் அருகே. காலை 7.28க்கு லோக்நகர் சுரங்க வெடி பூமியைப் பிளந்தது. இரண்டு நிமிடம் கழித்து ஆள்கள் அகழியை விட்டு மேலே ஏறினார்கள். முன் அலையில் எடின்பரோவின் 15ஆம் பட்டாலியன், அதன் பின்னால் மெக்ரேயின் 16. ஒரு வார பீரங்கி வீச்சில் எதிரி அழிந்திருப்பான் என்று சொல்லப்பட்டிருந்தது. ஜெர்மானியர்கள் ஆழமான நிலவறைகளில் உயிரோடு இருந்தார்கள். ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்தினார்கள். பக்கவாட்டிலிருந்து வந்த குண்டுகள் வரிசைகளைச் சாய்த்தன. அன்று மிகப்பெரிய இழப்பு இந்த 34ஆம் டிவிஷனுக்குத்தான், ஆறாயிரத்துக்கும் மேல். மெக்ரேயின் ஆள்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஆனாலும் அவர்களில் ஒரு சிறு குழு கான்டல்மெசோன் கிராமம்வரை போய்விட்டது. அன்று அந்த முனையில் மிக ஆழமாகப் போனவர்களில் அவர்களும் உண்டு. டங்கன் கரி, ஹாரி வாட்டி, எர்னி எல்லிஸ் மூவரும் அதே காலையில் இறந்தார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. கல்லறை அறியப்படாத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் செதுக்கிய தியெப்வால் நினைவுச் சின்னத்தில் அவர்கள் பெயர்களும் இருக்கின்றன. ஆகஸ்ட் 3 அன்று ஜிம்மி பாய்டு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜான் ஆலன். ரெய்த் ரோவர்ஸிலிருந்து மெக்ரேயிடம் வந்தவர்களில் டாட், ஸ்காட், மெக்லே என்ற மூவரும் திரும்பவில்லை.

எர்னி எல்லிஸைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இங்கிலாந்தின் நாரிச் பக்கத்துக்காரர், போர் தொடங்கிய ஆண்டில்தான் எடின்பரோவுக்கு வந்தார். ‘உள்ளூர்ப் படை’ என்று சொல்லும்போது இதை மறக்கக்கூடாது. 15ஆம் பட்டாலியனில் மான்செஸ்டரிலிருந்து வந்தவர்களே கணிசம். ஊர்ப் படை என்பது பிறப்பால் ஆன கூட்டம் என்பதைவிட, ஒரே மைதானம், ஒரே தெரு, ஒரே மதுக்கடை என்று சேர்ந்து பழகிய கூட்டம் என்பதுதான் சரி. அதனால்தான் இழப்பும் அப்படி விழுந்தது. கலந்து கட்டிய படையில் ஒரு தெருவுக்கு ஒரு தந்தி வரும். ஊர்ப் படையில் ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தந்தி வரும். படைத் தலைமை பிறகு இந்த முறையையே கைவிட்டு, ஆள்களைக் கலந்து அனுப்பத் தொடங்கியது. மெக்ரேயின் பட்டாலியனையும் 1918இல் கலைத்துவிட்டார்கள்.

இதே அடி வேறு ஸ்காட்டிஷ் ஊர்களுக்கும் விழுந்தது. எடின்பரோவின் துறைமுகமான லீத் ஊரின் ராயல் ஸ்காட்ஸ் 7ஆம் பட்டாலியன், 1915 மே 22 அன்று துருக்கியின் கலிப்போலி போர்முனைக்குப் போகும் வழியில், எதிரியைப் பார்க்கும் முன்பே, க்விண்டின்ஸ்ஹில் ரயில் விபத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தது. மரப்பெட்டிகள், எரிவாயு விளக்குகள், தீ. ஆள் பட்டியலும் அந்தத் தீயில் எரிந்துபோனதால் சரியான எண் இன்றும் விவாதத்தில் இருக்கிறது. வடக்கு மலைநாட்டில் வளைகோல் பந்தாட்டமான ஷின்டியே உயிர். 1914இல் கமனாக்ட் கோப்பையைக் கிங்கூசி வென்றது. அடுத்து அந்தக் கோப்பைக்காக ஆடியது 1920இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபெஸ்டுபெர் போன்ற போர்கள் அந்தக் கிராம அணிகளைப் பிய்த்துவிட்டன. ரக்பியில் ஸ்காட்லாந்துக்காக ஆடியவர்கள் சுமார் முப்பது பேர் இறந்தார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிலே எழுதலாம்.

ஒரு சின்ன ஊரை மட்டும் விட மனமில்லை. லானார்க்‌ஷயரில் கார்லூக். வில்லியம் ஆங்கஸ் அங்கே சுரங்கத் தொழிலாளி. செல்டிக் அவரை எடுத்தது, முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை, விடுவித்துவிட்டார்கள். விஷா திஸில் என்ற சிறு கழகத்துக்குத் தலைவராக ஆடினார். 1915 ஜூன் 12 அன்று பிரான்சின் ஜிவான்ஷியில், ஜெர்மன் அகழிக்குக் கைநீட்டும் தூரத்தில் லெப்டினன்ட் ஜேம்ஸ் மார்ட்டின் காயத்தோடு கிடந்தார். அவரும் கார்லூக்காரர். போனால் சாவு நிச்சயம் என்று சொல்லித் தடுத்தார்கள். ஆங்கஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு திறந்த வெளியில் தவழ்ந்து போனார். மார்ட்டினைக் கயிற்றோடு இணைத்து அனுப்பிவிட்டு, தான் வேறு திசையில் போய்க் குண்டுகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டார். உடலில் சுமார் நாற்பது காயம், ஒரு கண் போனது. இருவரும் பிழைத்தார்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை அணிவித்த மன்னர் நாற்பது காயமா என்று வியக்க, பதின்மூன்றுதான் பெரியவை என்று ஆங்கஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். உறுதியாகத் தெரிந்தது இது: ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12 அன்று மார்ட்டினிடமிருந்து ஆங்கஸுக்கு ஒரு வாழ்த்துத் தந்தி வந்தது. 1956இல் மார்ட்டின் இறந்த பிறகு அவர் சகோதரர் அதைத் தொடர்ந்தார், 1959இல் ஆங்கஸ் இறக்கும்வரை. ஊரின் கால்பந்துக் கழகமான கார்லூக் ரோவர்ஸுக்குக் கடைசிவரை ஆங்கஸ்தான் தலைவர். ஊர்ப் படை முறையின் கொடுமையை மேலே சொன்னேன். அதே முறைக்குள்தான் இதுவும் நடந்தது.

தனி மனிதர்களைத் தேடிப் போவீர்களானால் ஒரு எச்சரிக்கை. முதல் உலகப்போர் சிப்பாய்களின் சேவைப் பதிவேடுகளில் ஏறத்தாழ அறுபது சதவீதம், 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோயின. மிஞ்சியவையும் கருகிய தாள்கள். அதனால் இறந்தவர்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும்: கல்லறை ஆணையத்தின் பட்டியல், எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் தேசியப் போர் நினைவகத்தின் பெயரேடுகள் எல்லாம் உண்டு. பிழைத்துத் திரும்பிய சாதாரண ஆதரவாளரைப் பற்றி அவ்வளவு கிடைக்காது. யாராவது உங்களிடம் ‘எங்கள் தாத்தா மெக்ரேயின் பட்டாலியன்’ என்று சொன்னால் குடும்பப் புகைப்படத்தைக் கேளுங்கள். தொப்பியில் இருக்கும் சின்னம் பல சமயம் அரசாங்கத் தாளைவிட அதிகம் சொல்லும்.

நீங்கள் பார்த்த தூண் 1922 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்டது, பல்லாயிரம் பேர் கூடிய ஞாயிற்றுக்கிழமை. 2009இல் டிராம் பாதை வேலைக்காகப் பிரித்தெடுத்து, 2013இல் திரும்ப நிறுத்தினார்கள். கான்டல்மெசோனில் ஒரு நினைவுச் சின்னம் வைக்கப் போருக்குப் பின்னரே எண்ணம் இருந்தது, பணம் திரளவில்லை. 2004 நவம்பரில்தான் ஸ்காட்லாந்திலிருந்து கல் கொண்டுபோய்க் கட்டினார்கள்.

ஏழு பேர் என்று முதலில் சொன்னேன். அது போர் முடிவதற்குள் இறந்தவர்களின் கணக்கு. காயமும் நச்சுப்புகையும் பட்டுத் திரும்பிய பாடி கிராஸன், திரும்ப ஆடினார், மதுக்கடை வைத்தார், 1933இல், நாற்பது வயது எட்டுவதற்குள் இறந்தார். ஆல்ஃபி பிரிக்ஸ் சோமில் பட்ட காயங்களால் அப்புறம் பந்தைத் தொடவே இல்லை. பாப் மெர்சர் பின்னால் படையில் சேர்ந்து நச்சுப்புகையில் சிக்கினார். 1926 ஏப்ரலில் செல்கர்க் ஊரில் ஒரு நட்பு ஆட்டத்துக்காக ஹார்ட்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியவர், சில நிமிடங்களில் மைதானத்திலேயே சரிந்து இறந்தார்.